பொய்ப் பஞ்சமம்

மேற்குத் தாம்பரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. பல மாதங்களாக ஓய்வு நேரத்தில் கட்டிவந்த வால்வு ஆம்ப்ளிஃபயரை அன்றுதான் முதன்முதலாக ஸ்பீக்கரோடு இணைத்தேன். இ.சி.சி. 83 வால்வு ஒன்று, இ.எல். 84 வால்வு ஒன்று, ஒரு பவர் டிரான்ஸ்ஃபார்மர், ஓர் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர், எட்டு அங்குல ஸ்பீக்கர். ஐந்து வாட்டுக்குச் சற்று மேல் தரக்கூடிய எளிய சுற்று. சோதித்துப் பார்க்கக் கைபேசியின் தம்புரா செயலியை ஒரு கட்டைச் சுருதியில் வைத்து, அதன் ஒலியை ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுத்தேன்.

வால்வுகள் மெல்ல ஆரஞ்சு நிறத்தில் ஒளிர்ந்தன. தம்புரா கேட்டது. அதன் அடியில் விடாத ஓர் உறுமலும் கேட்டது. வால்வு செட்டோடு பழகியவர்கள் ‘ஹம்’ என்று சொல்வது இதைத்தான்.

சமையலறையிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தார். சிறுவயதில் முறையாகப் பாட்டு கற்றவர். “பஞ்சமம் ஆடுதுப்பா. கொஞ்சம் தூக்கலா நிக்குது. சுருதியைச் சரி பண்ணு” என்றார்.

செயலியில் பஞ்சமம் பிசகாது. அம்மாவின் காதும் பிசகாது. அப்படியானால் ஆடும் பஞ்சமம் எங்கிருந்து வந்தது? அன்று தொடங்கிய தேடல் சில வாரம் நீண்டது. டிரான்ஸ்ஃபார்மரின் இரும்பு, வீட்டுக்கு வரும் கரண்ட், மனிதக் காதின் இயல்பு, விரல் நீளம் உள்ள ஒரு கம்பி எல்லாம் அதற்குள் வந்தன. அந்தத் தேடலில் நான் கற்ற பாடம் ஒன்றுதான்: ஒவ்வொரு ஹம்மும் தான் வந்த வழியைத் தானே சொல்கிறது. சால்டரிங் அயர்னைச் சூடாக்கும் முன் அதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

ஐம்பதும் நூறும்

நம் வீட்டுக்கு வரும் மாறுமின்சாரம் நொடிக்கு 50 சுற்றுகள் சுற்றுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை முன்னோக்கியும் ஒருமுறை பின்னோக்கியும் பாய்கிறது. டிரான்ஸ்ஃபார்மரின் மையத்தில் அடுக்கியிருக்கும் இரும்புத் தகடுகளும் அதற்கேற்ப ஒரு திசையில் காந்தமாகி, காந்தம் இழந்து, மறுதிசையில் காந்தமாகின்றன.

இரும்பு காந்தமாகும்போது அதன் நீளம் மிகமிகச் சிறிதளவு மாறுகிறது. ஆற்றலின் அலகுக்குப் பெயர் தந்த ஜேம்ஸ் ஜூல் 1840களில் கண்டறிந்த விளைவு இது. பத்து சென்டிமீட்டர் நீளமுள்ள தகட்டில் இந்த மாற்றம் ஒரு மைக்ரானைக்கூட எட்டாது. நம் தலைமுடியின் தடிமனோ பல பத்து மைக்ரான். ஆனாலும் நூற்றுக்கணக்கான தகடுகள் ஒரே நேரத்தில் நீண்டு சுருங்கினால் காற்று அதிர்கிறது. காந்தத்தின் வட துருவம் எந்தப் பக்கம் இருந்தாலும் நீளம் ஒரே மாதிரிதான் மாறும். ஆகவே ஒரு சுற்றுக்கு இரண்டு அதிர்வு. 50 ஹெர்ட்ஸ் கரண்டில் டிரான்ஸ்ஃபார்மர் எழுப்பும் அடிப்படை ஓசை 100 ஹெர்ட்ஸ்.

இதே 100 இன்னொரு வழியிலும் வருகிறது. வால்வுகளுக்கு 250, 300 வோல்ட் நேர்மின்சாரம் தேவை. அதற்காக ரெக்டிஃபயர், மின்னலையின் இரண்டு பாதிகளையும் ஒரே பக்கம் திருப்புகிறது. திருப்பிய பிறகு நொடிக்கு 100 மேடுகள். கண்டென்சர் அந்த மேடுபள்ளத்தை நிரவுகிறது. நிரவாமல் மிஞ்சியது ஸ்பீக்கரில் உறுமலாகிறது.

50 ஹெர்ட்ஸ் ஹம் வேறு வழிகளில் வரும். வால்வின் ஹீட்டருக்குப் போகும் 6.3 வோல்ட் மாறுமின்சாரம், டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து கசியும் காந்தப்புலம், இரண்டு கருவிகளுக்கு இடையே எர்த் கம்பிகள் வளையமாகிவிடுவது ஆகியவை அவற்றில் முக்கியமானவை. ஐம்பதா நூறா என்று பிரித்தறிந்துவிட்டால் சந்தேகப்பட வேண்டிய இடங்கள் பாதியாகக் குறைந்துவிடும்.

இப்போது அம்மாவின் காதுக்கு வருவோம். ஒரு கட்டை என்பது மேலைச் சுரவரிசையில் ‘சி’. அதன் ஆதார ஷட்ஜம் 130.8 ஹெர்ட்ஸ். தம்புராவில் மீட்டும் மந்தர பஞ்சமம் அதில் முக்கால் பங்கு, அதாவது 98.1 ஹெர்ட்ஸ். ஆம்ப்ளிஃபயரின் ஹம் 100 ஹெர்ட்ஸ். இரண்டும் ஒன்றாக ஒலித்தால் நொடிக்கு ஏறக்குறைய இரண்டு முறை ஓசை பெருத்துச் சிறுக்கும். இரண்டு தந்திகளைச் சேர்க்கும்போது சுருதி சேராமல் கேட்கும் அதே விம்மல்கள்தாம் இவை. அம்மா சொன்னது எழுத்துக்கு எழுத்து சரி. பஞ்சமம் ஆடியது, கூடவே நின்ற பொய்ப் பஞ்சமம் உண்மையான பஞ்சமத்தைவிடத் தூக்கலாக இருந்தது.

பெண்கள் பலர் பாடும் ஐந்து கட்டைக்குப் போனாலும் தப்ப முடியாது. அங்கே மந்தர ஷட்ஜமே 98 ஹெர்ட்ஸ். ஒரு கட்டையில் பஞ்சமத்தைக் கெடுத்த ஹம் ஐந்து கட்டையில் ஷட்ஜத்தைக் கெடுக்கும். கர்நாடக இசை கேட்பவருக்கு மின்சார ஹம் இவ்வளவு உறுத்துவதற்கு இது ஒரு காரணம். இசை நிற்கும் தளத்திலேயே, அதோடு ஒட்டியும் ஒட்டாமலும் அது வந்து நிற்கிறது.

இந்த ஹம்மின் சுருதி எப்போதும் ஒன்றாகவே இருந்ததில்லை. தென் மாநிலங்களின் மின்கட்டமைப்பு வெகுகாலம் தனித்து இயங்கியது. 2013 டிசம்பர் 31 அன்றுதான் ராய்ச்சூர்–சோலாப்பூர் பாதை வழியாக நாட்டின் மற்றப் பகுதியோடு ஒரே தாளத்தில் இணைந்தது. அதற்கு முந்தைய காலங்களில், தேவை அதிகமாகி உற்பத்தி குறையும் நேரத்தில் அதிர்வெண் 49-க்கும் கீழே இறங்கியதுண்டு. 49 ஹெர்ட்ஸ் கரண்டில் ஹம் 98 ஹெர்ட்ஸ். அத்தகைய மாலைகளில் வால்வு ரேடியோவின் உறுமல், ஒரு கட்டைப் பாடகரின் பஞ்சமத்தோடு அப்படியே சேர்ந்திருக்கும். இன்று 49.90-க்கும் 50.05-க்கும் இடையே அதிர்வெண்ணை வைத்திருக்க வேண்டும் என்பது விதி. கட்டமைப்பு சீரானது. ஹம் பஞ்சமத்தைவிட்டு நிலையாக விலகியது.

காது கேட்பதும் கேட்காததும்

1933-ல் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஃபிளெட்சரும் மன்சனும் காதின் உணர்திறனை அதிர்வெண் வாரியாக அளந்து வெளியிட்டார்கள். நம் காது தாழ்ந்த ஓசைகளுக்கு மிகவும் மந்தம். 1,000 ஹெர்ட்ஸ் ஓசை மெலிதாகக் கேட்கத் தேவையான ஆற்றலைப்போல் சுமார் 250 மடங்கு இருந்தால்தான் 100 ஹெர்ட்ஸ் ஓசை காதுக்கு எட்டும். 50 ஹெர்ட்ஸுக்கு 10,000 மடங்குக்கும் மேல் வேண்டும்.

இதனால் ஒரு நன்மை உண்டு, ஒரு தொல்லையும் உண்டு. தூய 50 ஹெர்ட்ஸ் ஹம் கொஞ்சம் இருந்தாலும் காதில் விழாது. ஆனால் ஹம்மோடு 300, 500, 700 என்ற மேல் அடுக்குகள் சிறிதளவு சேர்ந்தாலும் அது சில்வண்டு போல் ரீங்கரித்துக் காதைத் துளைக்கும். தம்புராவில் தந்திகளைத் தாங்கும் குதிரையின்மேல் ஜீவாளி நூலை நகர்த்தினால் அதே தந்தி, அதே சுருதியில், திடீரென்று மினுக்கத்துடன் ஒலிக்கிறதல்லவா? வளைந்த குதிரையும் நூலும் மேல் அதிர்வுகளை எழுப்புவதைச் சர் சி. வி. ராமன் 1920களின் தொடக்கத்திலேயே ஆராய்ந்து எழுதினார். தம்புராவில் அழகு சேர்ப்பது எதுவோ அதுவேதான் ஹம்மில் தொல்லை கூட்டுகிறது.

புறநகர்வாசிகளுக்கு இது பழகிய அனுபவம். மின்வெட்டு மிகுந்த ஆண்டுகளில் வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் வந்தது. விலை மலிந்த இன்வெர்ட்டர்கள் வளைந்த அலைக்குப் பதில் சதுர அலை தருபவை. கரண்ட் போய் இன்வெர்ட்டர் எடுத்துக்கொண்ட கணத்தில் மின்விசிறி ‘கிர்ர்’ என்று முனகத் தொடங்கும். அலையின் எண்ணிக்கை அதே 50தான். சதுர அலைக்குள் 150, 250, 350 எனப் பல அடுக்குகள் ஒளிந்திருப்பதால் அவை காதுக்கு நன்றாக எட்டுகின்றன. வால்வு ஆம்ப்ளிஃபயரை அத்தகைய இன்வெர்ட்டரில் ஓட்டிக்கொண்டே ஹம்மைத் தேடுவது வீண் வேலை.

எவ்வளவு ஹம்மைப் பொறுத்துக்கொள்ளலாம்? வீட்டில் உள்ள ஸ்பீக்கர் ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டரில் 90 டெசிபல் தரும் என்று வைத்துக்கொண்டால், 8 ஓம் முனையில் 1 மில்லிவோல்ட் அளவுள்ள 100 ஹெர்ட்ஸ் ஓசை கேட்கும் எல்லைக்குக் கீழே போய்விடும். அதையே இலக்காக வைத்துக்கொண்டேன்.

மூன்று கேள்விகள்

தேடலைத் தொடங்கும் முன் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வால்வு ஆம்ப்ளிஃபயருக்குள் இருக்கும் 300 வோல்ட் உயிரைப் பறிக்கக்கூடியது. ஸ்விட்சை அணைத்த பிறகும் கண்டென்சரில் அது தங்கியிருக்கும். கண்டென்சருக்குக் குறுக்கே 220 கிலோஓம் ரெசிஸ்டர் ஒன்றை நிரந்தரமாகப் போட்டுவிட்டால், மொத்தம் 94 மைக்ரோஃபாரட் உள்ள என் சுற்றில், ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் 15 வோல்ட்டுக்கு இறங்கிவிடும். அதன்பிறகும் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். ஹம் குறைகிறது என்பதற்காக மூன்று முள் பிளக்கின் எர்த்தைத் துண்டிக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. அதை ஒருபோதும் செய்யக் கூடாது. நம் ஊர்களில் கோடையில் எர்த் குழி காய்ந்துவிடும். கரியும் உப்பும் போட்ட அந்தக் குழிக்குத் தண்ணீர் ஊற்றி ஈரமாக வைத்திருப்பதே சரியான வழி.

முதல் கேள்வி: ஹம் எப்போது வருகிறது? வால்வின் கேத்தோடு சூடாகிப் பாயத் தொடங்க 15, 20 நொடி ஆகும். இந்த இடைவெளி நமக்குக் கிடைத்த வரம். ஸ்விட்சைப் போட்ட உடனே பெட்டியே உறுமினால் அது இரும்பின் ஓசை. ஸ்பீக்கருக்கும் அதற்கும் தொடர்பில்லை. வால்வுகள் குளிர்ந்திருக்கும்போதே ஸ்பீக்கரில் ஹம் கேட்டால், அது எந்தக் கம்பியிலும் வரவில்லை. பவர் டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலம் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. வால்வுகள் சூடேறிய பிறகு வளர்ந்து வருவது மட்டுமே சுற்றின் உள்ளிருந்து வரும் ஹம்.

இரண்டாவது கேள்வி: வால்யூமைத் திருப்பினால் மாறுகிறதா? மாறினால் மூலம் வால்யூமுக்கு முன்னால், அதாவது உள்ளீட்டுப் பக்கம். மாறாவிட்டால் அதற்குப் பின்னால்.

மூன்றாவது கேள்வி: ஐம்பதா, நூறா? இதற்குக் கைபேசியில் அலைமாலை காட்டும் செயலிகள் உண்டு. எனக்குத் தம்புராவே போதுமாக இருந்தது. ஐந்து கட்டையில் வைத்து மந்தர ஷட்ஜத்தைக் கேட்க வேண்டும். அதையொட்டி, அதைவிடச் சற்றுத் தூக்கலாக ஹம் நின்றால் 100. ஒரு ஸ்தாயி கீழே கிடந்தால் 50.

என் ஆம்ப்ளிஃபயரில் இந்தக் கேள்விகள் காட்டியது ஒரு ஹம்மை அல்ல, பலவற்றை. பெட்டி உறுமியது. குளிர்ந்த நிலையிலேயே ஸ்பீக்கரில் மெலிதாக ஓசை வந்தது. சூடானபின் ஐம்பதும் நூறும் கலந்து வந்தன. நான்கு நோய்கள், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வைத்தியம்.

செம்பும் இரும்பும்

பெட்டியின் உறுமல் இரவு பதினொரு மணிக்கு மேல் அதிகமாவதைக் கவனித்தேன். ஊர் அடங்கியபின் எங்கள் தெருவில் வோல்டேஜ் 250 வரை ஏறும். அதுதான் தடயம்.

டிரான்ஸ்ஃபார்மரைக் கழற்றிக்கொண்டு பல்லாவரத்தில் காயில் கட்டும் ஒரு முதியவரிடம் போனேன். அது வேறொரு கடையில் கட்டியது. கையில் வாங்கி எடை பார்த்தார். தகடுகளின் ஓரத்தை நகத்தால் தட்டினார்.

“அண்ணே, ராத்திரி ஆனா ரொம்ப உறுமுது.”

“வோல்ட்டுக்கு எத்தனை டர்ன் போட்டிருக்காங்க சார்?”

“மூணு.”

“இந்த ஸ்டாம்பிங்குக்கு மூணு பத்தாது சார். நாலரை போடணும். செம்பை மிச்சம் பிடிச்சா இரும்பு கத்தும்.”

அவர் பல்லாண்டு அனுபவத்தில் சொன்னதைக் கணக்கும் அப்படியே சொல்கிறது. அந்தக் கோரின், அதாவது தகடு அடுக்கின், நடுக்கால் 10 சதுர சென்டிமீட்டர். வோல்ட்டுக்கு மூன்று சுற்று என்றால் 230 வோல்ட்டில் இரும்பு தாங்க வேண்டிய காந்தச் செறிவு 1.5 டெஸ்லா. 250 வோல்ட்டில் 1.6-ஐத் தாண்டும். சாதாரணச் சிலிக்கான் எஃகுத் தகடு அந்த அளவில் திணறத் தொடங்கும். மேலும் காந்தமாக இடமில்லாத இரும்பு மின்னோட்டத்தைக் கூரிய துடிப்புகளாக இழுக்கிறது. காந்தப்புலம் கோரைவிட்டு வெளியே வழிகிறது. ஓசையில் மேல் அடுக்குகள் முளைக்கின்றன. நாலரை சுற்றாக்கினால் அதே கோரில் செறிவு 1 டெஸ்லாவுக்கு இறங்கிவிடும். முதன்மைச் சுருள் 690 சுற்றிலிருந்து 1,035 சுற்றாகும். கோரின் அதே ஜன்னல் இடைவெளிக்குள் அடக்கக் கொஞ்சம் மெல்லிய கம்பி போட வேண்டும். சுமை ஏறும்போது வோல்டேஜ் சற்று அதிகம் விழும். சிறிய ஆம்ப்ளிஃபயருக்கு அது பெரிய இழப்பில்லை.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் அமெரிக்க டிரான்ஸ்ஃபார்மரைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து தருவதுண்டு. அங்கே 60 ஹெர்ட்ஸ். 60-க்கென்று மட்டும் கணக்குப் பார்த்துக் கட்டியதை 50-ல் ஓட்டினால், வோல்டேஜ் சரியாக இருந்தாலும், இரும்பின் மீது 20 சதவீதம் கூடுதல் சுமை ஏறும். வாங்கும்போதே 50 ஹெர்ட்ஸ் என்று முத்திரை இருக்கிறதா எனப் பார்த்துக்கொள்வது நல்லது.

முதியவர் புதிதாகச் சுற்றிய சுருளில் தகடுகளை மாற்றி மாற்றிக் கோத்தார். கடைசித் தகட்டை மரச்சுத்தியலால் தட்டி இறுக்கினார். முழு டிரான்ஸ்ஃபார்மரையும் வார்னிஷ் டப்பாவில் அமிழ்த்தினார். குமிழிகள் மேலே வந்தன. தகடுகளுக்கு இடையிலிருந்த காற்று வெளியேறி அந்த இடத்தில் வார்னிஷ் புகுவதன் அடையாளம் அது. குமிழி நின்றபிறகு எடுத்து, வடியவிட்டு, சூட்டில் காயவைத்தார். தளர்ந்த தகடுகள் ஒன்றோடொன்று மோதி எழுப்பும் ரீங்காரம் இதனால்தான் அடங்குகிறது.

வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கத்துச் சதுப்புக் காற்றில் பழைய டிரான்ஸ்ஃபார்மர்கள் துருவேறித் தளர்வது வழக்கம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர், வரதராஜபுரம் வீடுகளுக்குள் புகுந்த நீரில் எத்தனையோ பழைய ரேடியோக்கள் மூழ்கின. அப்படி நனைந்ததை வெயிலில் காயவைத்து உடனே கரண்ட் கொடுக்கக் கூடாது. இன்சுலேஷன் ஈரத்தைப் பல நாள் பிடித்துவைத்திருக்கும். மெதுவான சூட்டில் உலர்த்தி, இன்சுலேஷனை மெக்கர் மீட்டரில் சோதித்த பிறகே மின் இணைப்பு.

திசை, திரி, சோக்

குளிர்ந்த நிலையில் ஸ்பீக்கரில் வந்த ஹம்முக்கு ஹெட்ஃபோனே மருந்து. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரைச் சுற்றிலிருந்து முழுவதும் கழற்றி, அதன் ஸ்பீக்கர் முனைகளில் ஹெட்ஃபோனை மட்டும் இணைக்க வேண்டும். பவர் டிரான்ஸ்ஃபார்மருக்குக் கரண்ட் கொடுத்து, அதன் திறந்த முனைகளையெல்லாம் நன்றாக மூடிவிட்டு, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரை மேஜைமேல் மெல்லத் திருப்ப வேண்டும். ஓசை கூடும், குறையும், ஒரு குறிப்பிட்ட கோணத்தில் ஏறக்குறைய மறையும். பெரும்பாலும் இரண்டு சுருள்களின் அச்சும் செங்கோணத்தில் நிற்கும் இடம் அது. ஒரு சுருளிலிருந்து கசியும் புலக்கோடுகள் மற்றதன் ஊடாகப் புகாமல் பக்கவாட்டில் கடந்துவிடுகின்றன. கூடவே தூரமும் உதவும். கசியும் புலம் தூரத்தின் மூன்றாம் படியில் குறைவதால், இடைவெளியை இரட்டித்தால் அது எட்டில் ஒரு பங்காகும். நான் அந்த இடத்தைப் பென்சிலால் குறித்துக்கொண்டேன். சேஸியில் துளை போடுவது அதற்குப் பிறகுதான். இரும்புச் சேஸியை மாற்றி அலுமினியம் போட்டேன். இரும்புத் தகடு காந்தப்புலத்தை ஒரு டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து இன்னொன்றுக்குக் கடத்திச் செல்லும்.

சூடேறியபின் வந்த 50 ஹெர்ட்ஸுக்குக் காரணம் ஹீட்டர் கம்பிகள். இரண்டு வால்வுக்கும் சேர்த்து ஓர் ஆம்பியருக்கு மேல் மாறுமின்னோட்டம் அவற்றில் ஓடுகிறது. நான் இரண்டு கம்பிகளையும் தனித்தனியே விட்டிருந்தேன். அவற்றைத் திரி திரிப்பது போல் இறுக்கி முறுக்கினால், போகும் மின்னோட்டத்தின் புலமும் வரும் மின்னோட்டத்தின் புலமும் ஒன்றையொன்று அழித்துவிடும். முறுக்கிய கம்பியைச் சேஸியின் மூலையோடு ஒட்டி ஓடவிட்டேன். ஹீட்டரின் இரு முனையிலிருந்தும் 100 ஓம் ரெசிஸ்டர் ஒவ்வொன்றை எடுத்து, இரண்டும் சேரும் புள்ளியை 40 வோல்ட் நேர்மின் அழுத்தத்தில் நிறுத்தினேன். ஹீட்டரிலிருந்து கேத்தோடுக்கு எலெக்ட்ரான்கள் தாவுவது அத்துடன் நின்றது. இ.சி.சி. 83 போன்ற, நூறு மடங்கு பெருக்கத் திறன் கொண்ட வால்வில் இந்தச் சிறு கசிவும் பெரிதாகக் கேட்கும்.

அந்த வால்வுகளைச் சென்னை ரிச்சி தெருவில் ஒரு பழைய அட்டைப்பெட்டிக்குள் கண்டெடுத்தேன். பாரத் எலெக்ட்ரானிக்ஸ் என்ற முத்திரை பொறித்தவை. 1960களில் பெங்களூரில் அந்த நிறுவனம் வானொலி வால்வுகள் செய்துவந்தது. தாம்பரத்திலிருந்து இரண்டு நிறுத்தம் தள்ளி, குரோம்பேட்டையில் 1949-ல் சி. ராஜம் நிறுவிய எம்.ஐ.டி.யில் மின்னணுவியல் படித்த எழுத்தாளர் சுஜாதா பின்னாளில் பணிபுரிந்ததும் அதே பாரத் எலெக்ட்ரானிக்ஸில்தான். தமிழில் அறிவியலை வீட்டுத் திண்ணைவரை கொண்டுவந்தவர் அவர். அந்த வால்வுகளைப் பொருத்தும்போது எனக்கு அந்த நினைவு வந்தது.

அடுத்தது 100 ஹெர்ட்ஸ் ஹம். ஆம்ப்ளிஃபயர் இழுக்கும் மின்னோட்டம் சுமார் 55 மில்லிஆம்பியர். 47 மைக்ரோஃபாரட் கண்டென்சர் ஒன்றே இருந்தால், மேட்டுக்கும் பள்ளத்துக்கும் இடையே ஏறக்குறைய 10 வோல்ட் ஆட்டம் மிஞ்சும். அதன் பிறகு 10 ஹென்றி சோக் சுருளும் இன்னொரு 47 மைக்ரோஃபாரட் கண்டென்சரும் வைக்கிறோம். 100 ஹெர்ட்ஸ் ஆட்டத்துக்குச் சோக் 6,280 ஓம் தடை காட்டுகிறது; கண்டென்சரோ 34 ஓம்தான். ஆட்டம் ஏறக்குறைய 185-ல் ஒரு பங்காகி, 10 வோல்ட் 0.05 வோல்ட்டாகிவிடும். சோக்குக்குப் பதிலாக 1,000 ஓம் ரெசிஸ்டர் போட்டால் 30-ல் ஒரு பங்காகத்தான் குறையும். கூடவே 55 வோல்ட்டையும் அது விழுங்கிவிடும். பழைய ரேடியோக்களில் கனமான சோக்கைச் செலவு பார்க்காமல் வைத்ததன் பொருள் எனக்கு இந்தக் கணக்கில்தான் விளங்கியது.

விரல் நீளக் கம்பி

இவ்வளவும் செய்தபிறகும் 100 ஹெர்ட்ஸ் மிஞ்சியது. மெலிதாக, ஆனால் சில்வண்டு வகையில். வால்யூமை முழுவதும் குறைத்தாலும் குறையவில்லை. சோக்கில் பிழையில்லை, கண்டென்சரைப் புதிதாக மாற்றியும் பயனில்லை. இந்த இடத்தில்தான் பலர் மேலும் மேலும் கண்டென்சர் சேர்க்கத் தொடங்குவார்கள். நானும் ஒன்று சேர்த்தேன். ஹம் கூடியது.

கூடியதுதான் துப்புத் தந்தது. ரெக்டிஃபயர் கண்டென்சரைத் தொடர்ச்சியாக நிரப்புவதில்லை. அலையின் உச்சியில் மட்டும், ஒரு கணம், வேகமாக நிரப்புகிறது. சராசரி 55 மில்லிஆம்பியர் என்றாலும் அந்தக் கணத்தில் 300-க்கு மேல் பாயும். கண்டென்சர் பெரிதாக ஆக, துடிப்பு இன்னும் கூர்மையாகும். நொடிக்கு நூறு முறை அந்தத் துடிப்பு கண்டென்சரின் எதிர் முனையிலிருந்து டிரான்ஸ்ஃபார்மருக்குத் திரும்புகிறது. எந்த வழியாக?

சேஸியைக் கவிழ்த்துப் பார்த்தேன். பத்து சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு கறுப்புக் கம்பி. அதன் ஒரு முனையில் டிரான்ஸ்ஃபார்மர், மறுமுனையில் கண்டென்சர், நடுவில் இ.சி.சி. 83-ன் கேத்தோடு ரெசிஸ்டர். நேரே ஒரே கம்பியாக இருந்தால் பார்வைக்கு ஒழுங்காக இருக்கும் என்று நானே அப்படிப் பற்றவைத்திருந்தேன். மெல்லிய செம்புக் கம்பியில் பத்து சென்டிமீட்டருக்கு 0.009 ஓம் தடைதான். 0.3 ஆம்பியரால் பெருக்கினால் ஏறக்குறைய 2.7 மில்லிவோல்ட். அதில் பாதி முதல் வால்வின் உள்ளீட்டில் சேர்ந்தாலே, அது ஐம்பது மடங்குக்கு மேல் பெருகி இ.எல். 84-க்குப் போகும், ஸ்பீக்கரில் என் இலக்கைப்போல் பற்பல மடங்காக ஒலிக்கும்.

கண்ணுக்கு ஒரே கம்பியாகத் தெரிவது மின்னோட்டத்துக்கு ஒரே இடம் இல்லை. மின்னோட்டம் பாயும் கம்பியின் இரு முனைக்கும் இடையே ஓர் அழுத்த வேறுபாடு எப்போதும் உண்டு. நான் கேத்தோடு ரெசிஸ்டரை அந்தக் கம்பியிலிருந்து எடுத்தேன். டிரான்ஸ்ஃபார்மரின் திரும்பு கம்பி நேராக முதல் கண்டென்சரின் எதிர் முனைக்கு மட்டும் வந்தது. அங்கிருந்து தனிக் கம்பியில் இரண்டாம் கண்டென்சர். அதிலிருந்து தனிக் கம்பிகளில் இ.எல். 84-ம் இ.சி.சி. 83-ம். சேஸிக்கு ஒரே ஓர் இணைப்பு, உள்ளீட்டுச் சாக்கெட்டின் அருகில். புதிய பாகம் எதுவும் வாங்கவில்லை. ஒரு கம்பியின் முனை சில சென்டிமீட்டர் இடம் மாறியது, அவ்வளவுதான்.

அன்றிரவு மீட்டரை ஸ்பீக்கர் முனையில் வைத்தேன். 1 மில்லிவோல்ட்டுக்கும் கீழே நின்றது.

அம்மாவை அழைத்து ஒரு கட்டைத் தம்புராவை மறுபடி போட்டேன். கண்ணை மூடிக் கேட்டார். “இப்போ நிக்குது” என்றார். பஞ்சமம் பஞ்சமமாகவே நின்றது.

அவர் தூங்கப் போனபின் செயலியை நிறுத்திவிட்டு ஸ்பீக்கரின் அருகே காதை வைத்தேன். ஆழத்தில் இன்னும் ஏதோ இருந்தது. மிக மெல்லிய, நீண்ட ஓசை. ஐந்து கட்டை ஷட்ஜத்துக்குச் சற்றுத் தூக்கல். ஆகவே 100 ஹெர்ட்ஸ். எந்த வழியை விட்டுவிட்டேன்? மூன்று கேள்விகளையும் மறுபடி கேட்க நினைத்து ஆம்ப்ளிஃபயரை அணைத்தேன்.

ஓசை நிற்கவில்லை.

ஜன்னலைத் திறந்தேன். தெருமுனையில் இரட்டைக் கம்பத்தின்மேல் 11,000 வோல்ட்டை நம் வீட்டு வோல்டேஜாக இறக்கும் டிரான்ஸ்ஃபார்மர் முரன்றுகொண்டிருந்தது. தொலைவில் ஸ்டேஷனில் ஒரு மின் ரயில் நின்றிருந்தது. கடற்கரை–தாம்பரம் பாதையில் 1931-ல் மின் ரயில் தொடங்கியபோது மேலே ஓடியது 1,500 வோல்ட் நேர்மின்சாரம். 1960களில் அது 25,000 வோல்ட் மாறுமின்சாரமானது. அன்றுமுதல் ஒவ்வொரு மின் ரயிலும் தன் அடியில் ஒரு டிரான்ஸ்ஃபார்மரைச் சுமந்து, இதே நூறில் முரன்றபடி போய்வருகிறது. பகல் முழுவதும் ஊரின் சந்தடியில் அமிழ்ந்திருந்த அந்த ஓசை, என் மேஜைமேல் இருந்த உறுமல் அடங்கியபின்தான் எனக்குக் கேட்டது.